இடுப்பில் இருப்பதே தெரியாது

லாரல் கிரீக், கென்டக்கி
செப்டம்பர் 14

அன்புத் தங்கை வில்மாவுக்கு,

உன் அண்ணன் வெர்லின் எழுதுகிறேன். நானேதான். என் கை, என் பென்சில். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தரவில்லை. முழங்கால் வலியைத் தவிர கர்த்தர் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. உன் மூட்டுவலி எப்படி?

நீ நம்பமாட்டாய் என்று தெரியும். எழுபத்தாறு வயதுக் கிழவன், என் வீட்டுக்காரி ஓப்பல் உயிரோடு இருந்தவரை அவள் வாசித்துச் சொன்னதைக் கேட்டே காலத்தை ஓட்டியவன். அவள் போய் மூன்று வருஷமாகத் தபால்பெட்டியில் வந்ததையெல்லாம் ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தேன். போன பனிக்காலத்தில் நூலகத்து ஈவர்சோல் டீச்சரிடம் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். "உட்காருங்க மிஸ்டர் வெர்லின், இதுல வெட்கப்பட என்ன இருக்கு"ன்னு சொன்னார். வாரம் மூன்று நாள். இப்போது எழுதுகிறேன்.

எங்கள் சந்து முனையில் ஒரு பலகை இருக்கிறதே, அது சந்தின் பெயர் என்று இருபது வருஷமாக நினைத்திருந்தேன். போன வாரம் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். "இங்கே குப்பை கொட்டாதே." இருபது வருஷமாக அதன் அடியில்தான் என் இலைக்குப்பையைக் கொட்டினேன். தனியாக நின்று சிரித்ததைப் பார்த்து அஞ்சல்காரி வண்டியை நிறுத்திவிட்டாள்.

எனக்குப் போன் பண்ணாதே. துப்பாக்கிக் கடையின் பின்மேசையில் இருபத்திரண்டு வருஷம் சுட்டுப் பார்த்துப் பார்த்துக் காது போய்விட்டது, உதட்டைப் பார்த்தால்தான் பேச்சுப் புரியும், உனக்கே தெரியும். எழுது. எனக்குக் கடிதம் வேண்டும். வாசிக்க வேண்டும்.

உன் பேத்தி ஐவி உன் வீட்டுக்கு வரும்போது காட்ட ஒரு வரி. அவளும் நானும் இப்போது ஒரே வகுப்பு. நீ உதவாதே, அவளே வாசிக்கட்டும்:

ஐவி, உன் பெயர் சின்னது. அதனால் எனக்குப் பிடிக்கும்.

நான்கு நாளாக மெதுவாக எழுதியவன்,
வெர்லின்


கேன் ரன்
அக்டோபர் 2

என் அண்ணனுக்கு,

உறையைப் பார்த்ததும் யாரோ கடன் கேட்கிற கம்பெனி என்று நினைத்துத் தூக்கிப் போடப் பார்த்தேன். அப்புறம் அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தேன். அடுப்பில் பீன்ஸ் அடிபிடிக்கும்வரை அழுதேன். அம்மா இருந்திருக்க வேண்டும். எனக்குக் கைவிரல் மூட்டுகள் வீங்கி இருக்கின்றன, மற்றபடி சுகம்.

நீ நல்ல செய்தி எழுதினாய், நான் கெட்ட செய்தி எழுதுகிறேன். கெண்ட்ராவும் ஐவியும் ஆகஸ்டிலிருந்து என்னோடுதான். இரண்டு துணிப்பையோடு வந்தார்கள். என் மகளின் கன்னத்தை நான் உனக்கு எழுத்தில் சொல்லப்போவதில்லை. அவள் புருஷன் டஸ்டினைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். மார்ச் கடைசியில் வெளியே விடுவார்களாம். நீதிமன்ற வாசலில் கெண்ட்ராவைப் பார்த்து, "என் பொண்ணை நான் வந்து எடுத்துக்குவேன்"னு சொல்லியிருக்கிறான். சத்தம் போடவில்லையாம். மெதுவாகச் சொன்னானாம். அதுதான் அவளுக்குப் பயம்.

ஷெரிஃபுக்குப் போன் பண்ணினால் எங்கள் ரோட்டுக்கு வர நாற்பது நிமிஷம். ஆக நானே ஒன்று இடுப்பில் கட்டிக்கொள்வது என்று முடிவு பண்ணிவிட்டேன். சபையில் என்னோடு பாடுகிற ட்ரீமா தன் புருஷன் விட்டுப்போன எஃகுத் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டுதான் ஆராதனைக்கே வருகிறாள். கடைக்காரப் பையனோ, "இரும்பெல்லாம் தாத்தா காலம் மேடம், பாலிமர் எடுங்க, இறகு மாதிரி"ங்கிறான். உனக்குத் தெரியாததா? நீ சொல். எது?

ஐவி இதை அவளாகவே எழுதினாள்:

தாத்தா உங்க எழுத்து என் எழுத்தை விட கோணல்.

உன் வில்மா


லாரல் கிரீக்
அக்டோபர் 20

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு முழு நாள் வாசித்தேன். டஸ்டின் பெயர் வந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. கெண்ட்ராவிடம் சொல், மாமா இருக்கிறேன். உன் விரல்களுக்கு வெந்நீரில் உப்புப் போட்டு வை.

நீ கேட்டது எனக்குத் தெரிந்த ஒரே விஷயம். அதை வாயால் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், எழுத்தில் சொல்வது இதுதான் முதல்முறை. கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

எஃகுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தால் ஆற்றுக்கல்லை எடுத்த மாதிரி. சின்னதென்றாலும் தோட்டா போட்டால் இரண்டு பவுண்டைத் தாண்டும். அந்த எடைதான் அதன் நல்ல குணம். சுடும்போது உதையைப் பாதி அதுவே விழுங்கிவிடும். முனை எகிறாது, போன இடத்துக்கே திரும்பி வந்து நிற்கும். உன்னைப் போல விரல் வீங்கினவர்களுக்கு அது பெரிய உபகாரம். பக்கத்தில் பெருவிரலால் தள்ளுகிற தாழ் ஒன்று உண்டு, அதைத் தள்ளாமல் சுட முடியாது. அதன் கெட்ட குணமும் எடைதான். நாள் முழுக்கக் கட்டினால் பெல்ட்டை இழுக்கும், இடுப்பெலும்பில் உட்காரும். வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். குழந்தை மாதிரி எண்ணெய் கேட்கும்.

பாலிமர் என்று கடைக்காரப் பையன் சொன்னது பிளாஸ்டிக்தான். குழலும் மேலே ஓடுகிற பாகமும் எஃகு. பிடியும் உடம்பும் பிளாஸ்டிக். எங்கள் கடைக்கு முதல் ஒன்று வந்த அன்று முதலாளி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெர்லின், இது துப்பாக்கியாடா, சாப்பாட்டு டப்பாவாடா?"ன்னு கேட்டார். வயிறு வலிக்கச் சிரித்தோம். ஐந்து வருஷத்தில் கடையில் பாதி டப்பாதான். இலேசு. துரு கிடையாது. ஆனால் சுடும்போது பூனைக்குட்டி மாதிரி கையில் துள்ளும். உன் விரலுக்கு அது ஆகாது.

எஃகையே எடுத்துக்கொள். கடைக்குப் போகாதே. என்னுடையதையே தருகிறேன். நவம்பரில் நன்றி கூறும் நாளுக்குப் பேருந்து ஏறி வருகிறேன்.

ஐவி, நீ சொன்னது சரி. என் பென்சில் கிழவன்.

ஆறு நாளாக எழுதியவன்,
வெர்லின்


கேன் ரன்
டிசம்பர் 20

அண்ணா,

பத்திரமாக வீடு சேர்ந்தாய் என்று அஞ்சலட்டை வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் சளி, வேறொன்றும் இல்லை. நீ போனபிறகு ஐவி உன்னை மாதிரி விரல் வைத்து வாசித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைக்கிறாள். கெண்ட்ரா சிரித்து நான் பார்த்து ஒரு வருஷம் இருக்கும்.

உன் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதே. மேய்ச்சல் நிலத்தில் சுட்டேன், நீ சொன்ன மாதிரியே அடக்கமாக இருக்கிறது. குறிக்கு வைத்த தகர டப்பாவைத் தொடர்ந்து ஐந்து முறை அடித்தேன். ஆனால் கட்ட முடியவில்லை. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. காரில் உட்கார்ந்தால் இடுப்பெலும்பைக் கடிக்கிறது. முதல் வாரம் கட்டினேன். இரண்டாவது வாரம் சபைக்கு மட்டும். மூன்றாவது வாரம் அலமாரி இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

போன செவ்வாய் பெட்ரோல் போடப் போனோம். பம்புக்கு அந்தப் பக்கம் டஸ்டினின் ஒன்றுவிட்ட தம்பி நின்றான். "என்ன அத்தை, சுகமா? அண்ணன் உங்களை எல்லாம் ரொம்ப விசாரிச்சாரு"ன்னான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். என் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. காரில் கெண்ட்ரா, "இழுப்பறையில இருந்து நம்மளைக் காப்பாத்துமா அது? அதுக்கு ஒரு வெள்ளரிக்காயைச் சொருகிட்டு வரலாம்"ன்னாள். பகடிதான். ஆனால் வீடு வரும்வரை பின்னால் வருகிற வண்டிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

என்ன செய்ய?

ஐவியின் வரி: தாத்தா எனக்கு பல் விழுந்துச்சு. பாட்டிக்கும் விழும் ஆனா அவங்க திரும்ப மாட்டிக்குவாங்க.

வில்மா


லாரல் கிரீக்
ஜனவரி 4

அன்புத் தங்கைக்கு,

புது வருஷத்தில் கர்த்தர் உன் வீட்டு நிலைக்கால்களைக் காக்கட்டும். எனக்கு மூக்கடைப்பு. உங்கள் சளி போயிற்றா?

கோபம் எதற்கு? தப்பு என்மேல். கடையில் வேலை செய்தவனுக்குச் சுடுவதுதான் தெரியும். நாள் பூராவும் கட்டிக்கொண்டு சமைக்கிற, துவைக்கிற, குனிகிற பெண்ணின் இடுப்பு தெரியவில்லை. வீட்டில் விட்டுவந்த குடை மழைக்கு உதவுமா? உன்னோடு வராத துப்பாக்கி எத்தனை நல்லதாக இருந்தாலும் இழுப்பறைக்குத்தான் காவல்.

ஆகவே என் சொல்லை மாற்றிக்கொள்கிறேன். எஃகை அந்தக் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டு இலேசானதை வாங்கிக்கொள். பாவாடை இடுப்புக்கு உள்பக்கம் சொருகுகிற துப்பாக்கி உறையாகப் பார். எடை பாதிதான். துள்ளும், அதற்கு விரலில் துணி சுற்றிப் பழகு. தாழ் தள்ளுகிற தொல்லையும் அதில் இல்லை, வீங்கின விரலுக்கு நல்லது. துரு என்கிற பேச்சே இல்லை. உனக்கும் எனக்கும் பிறகும் அப்படியே இருக்கும். ஒரு வாரம் கட்டிப் பார், வில்மா. இடுப்பில் இருப்பதே உனக்கு மறந்துபோகும்.

அந்தக் கடைசி வாக்கியத்தை மூன்று தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இதில் எழுதினேன். ஈவர்சோல் டீச்சர் வாசித்துவிட்டு, "அடேயப்பா, விளம்பரக்காரங்க தோத்தாங்க போங்க"ன்னார். எனக்கு அன்றைக்கெல்லாம் சாப்பாடு தேவைப்படவில்லை.

ஐவி, உனக்கு ஒரு வேலை தருகிறேன். பாட்டி எதையும் வைத்த இடத்தில் மறப்பாள். சின்ன வயதிலேயே அப்படித்தான். அவள் மறந்து வைப்பதை நீ எடுத்துக்கொண்டு போய்க் கொடு. இது பெரிய வேலை. உன்னை நம்பித் தருகிறேன்.

வெர்லின்


கேன் ரன்
மார்ச் 15

அண்ணா,

இங்கே மூன்று பேரும் சுகம். பேரிமரம் பூத்திருக்கிறது. உன் மூக்கடைப்புக்கு ஆவி பிடி.

வாங்கிவிட்டேன். நீ சொன்னதுதான் சரி. முதல் நாள் சுட்டதில் பெருவிரல் அடியில் ரத்தம் கட்டிவிட்டது, ஐந்தில் இரண்டுதான் டப்பாவில் பட்டது. ஆனால் பாவாடை நிற்கிறது. தோட்டத்தில் கொத்துகிறேன், மாவு பிசைகிறேன், ஆராதனையில் முழங்கால் போடுகிறேன், அது பாட்டுக்கு இருக்கிறது. நேற்று குளிக்கப் போய்ச் சட்டையைத் தூக்கின பிறகுதான், அடடா கட்டியிருக்கிறேனே என்று தெரிந்தது. உன் வாக்கியத்தைக் கெண்ட்ராவுக்கு வாசித்துக் காட்டினேன். "மாமா இதுக்குத்தான் இத்தனை வருஷம் எழுதாம இருந்தாரா, சேர்த்து வெச்சு எழுதறாரு"ன்னாள்.

28ஆம் தேதி டஸ்டினை விடுகிறார்கள். சொல்லிவிட்டேன், இனி அதைப் பற்றி எழுதமாட்டேன். இலேசானது வந்த பிறகு தூக்கம் வருகிறது. அதுவே போதும்.

ஐவி தன் வேலையை விடுவதாக இல்லை. ஒரு தாளில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். அவள் எழுதினது:

தாத்தா இந்த வாரம் கண்ணாடி நாலு தடவ சாவி ரெண்டு தடவ பல்லு ஒரு தடவ. எல்லாம் நான் தான் கொடுத்தேன்.

வில்மா


லாரல் கிரீக்
ஏப்ரல் 22

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். நீங்கள் மூவரும் சுகம் என்று வாசித்ததில் இன்னும் சுகம்.

இன்று காலை சங்கீதப் புத்தகத்தில் ஒரு முழு அதிகாரத்தை யார் துணையும் இல்லாமல் வாசித்து முடித்தேன். ஓப்பல் கல்லறைக்குப் போய் அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நாற்பத்தொன்பது வருஷம் அவள் எனக்கு வாசித்தாள், ஒரு நாளாவது நான் வாசிக்க வேண்டாமா? என் குரல் எனக்கே கேட்காது. அவளுக்குக் கேட்டிருக்கும்.

டஸ்டின் வெளியே வந்தானா? ஏதாவது தலை காட்டினானா?

மே கடைசி ஞாயிறு கல்லறை அலங்கார நாளுக்கு வர ஆசைதான், முழங்கால் பேருந்துப் படி ஏறாது. அம்மா கல்லறைக்கு என் பெயரில் ஒரு கொத்து வை. நிஜப்பூ வேண்டாம், இரண்டு நாளில் வாடும். கடையில் விற்கிற பிளாஸ்டிக் பூவே வை. பூ வைத்தபின் சபையார் கூடிச் சாப்பிடுகிற மேசையில் ட்ரீமாவின் ஜாம் கேக்கை என் பங்குக்கும் சேர்த்துத் தின்னு.

ஐவி, நீ நல்ல வேலைக்காரி. உனக்குச் சம்பளமாக இந்த உறைக்குள் ஒரு சிவப்புப் பென்சில்.

வெர்லின்


லாரல் கிரீக்
ஜூன் 9

வில்மா,

சுகமா? நான் எழுதி ஏழு வாரம், தபால்பெட்டி காலி. அஞ்சல்காரி தூரத்திலேயே தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள். கல்லறை நாள் எப்படி நடந்தது? எத்தனை பேர் வந்தார்கள்? ஐவிக்குச் சிவப்புப் பென்சில் பிடித்ததா?

உன் விரல் வீங்கியிருந்தால் கெண்ட்ராவை எழுதச் சொல்.

வெர்லின்


கேன் ரன்
ஜூன் 24

அண்ணா,

சுகம். உன் கடிதங்கள் கிடைத்தன. இங்கே மழை இல்லை. தக்காளி பூ விட்டு உதிர்ந்துவிட்டது. அம்மா கல்லறைக்கு நீ சொன்ன பிளாஸ்டிக் பூ வைத்தேன். நல்ல வெயில் அன்றைக்கு. சபையில் கூரை மாற்றுகிறார்கள். வெயிலில் அலையாதே. இங்கே வர வேண்டாம்.

வில்மா


லாரல் கிரீக்
ஜூலை 1

வில்மா,

நான் மெதுவாக வாசிக்கிறவன். வேகமாக வாசிக்கிறவர்கள் தாண்டிப் போகிற இடத்திலும் என் விரல் நின்றுதான் போகும். உன் கடிதத்தை விரல் வைத்து மூன்று தடவை வாசித்தேன். கெண்ட்ரா என்ற பெயர் அதில் இல்லை. ஐவி என்ற பெயர் இல்லை. அடியில் ஐவியின் வரி இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். உறையைக் கிழித்து உள்பக்கம் பார்த்தேன்.

டஸ்டின் வந்துவிட்டானா? பிள்ளையைக் கொண்டுபோய்விட்டானா? கெண்ட்ராவை என்ன செய்தான்? உன்னிடம் துப்பாக்கி இருந்ததே.

எனக்குக் காது இல்லை, போனில் கேட்க முடியாது. நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும். எழுது, அம்மாடி. எதுவாக இருந்தாலும் எழுது.

வெர்லின்


கேன் ரன்
ஜூலை 17

அண்ணா,

பாஸ்டரிடம் உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். சொல்லாமலே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நீ எத்தனை சந்தோஷமாக எழுதுகிறாய்.

டஸ்டின் வரவே இல்லை. வெளியே வந்த மறுநாளே பக்கத்து மாநிலம் இண்டியானாவுக்குப் போய்க் கோழி இறைச்சி ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். எங்கள் ரோட்டுப் பக்கமே அவன் திரும்பவில்லை. எங்களுக்கு அது தெரியாது.

கல்லறை நாளன்று எல்லாம் நல்லபடியாக முடிந்து மரத்தடியில் சாப்பாடு எடுத்து வைத்தோம். நான் சபையின் கீழ்த்தளக் கழிவறைக்குப் போனேன். துப்பாக்கியை உறையோடு கழற்றி, காகிதச் சுருள் வைக்கிற பலகைமேல் வைத்தேன். கை கழுவினேன். வெளியே வந்து உருளைக்கிழங்குப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். எஃகாக இருந்திருந்தால் இடுப்பு காலியாக இருப்பது தெரிந்திருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். தெரிந்திருக்குமா என்று எனக்கே தெரியவில்லை.

எனக்குப் பின்னால் ஐவி போயிருக்கிறாள்.

கெண்ட்ரா மேசைக்கு அந்தப் பக்கம் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். ஐவி புல்மேல் நடந்து வந்தாள். இரண்டு கையிலும் ஏந்தி, முட்டை கொண்டுவருகிற மாதிரி கவனமாக. உறை கழிவறைத் தரையிலேயே விழுந்து கிடந்ததாம், பிறகு ட்ரீமா எடுத்தாள். "பாட்டி, நீ மறந்துட்டே. நான் எடுத்துட்டு வந்துட்டேன்"னாள். அந்த முகத்தில் அவ்வளவு பெருமை. கெண்ட்ரா கத்தவில்லை. பிள்ளை பயந்துவிடக் கூடாதென்று மெல்ல, "ஐவிக் கண்ணு, அம்மாகிட்ட குடு"ன்னு கையை நீட்டினாள். பிள்ளை கொடுத்தாள். கொடுக்கும்போதுதான்.

ஜாம் கேக்கின் பக்கத்தில் என் மகள் விழுந்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை நான் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். நாற்பது நிமிஷம்.

அடக்கத்துக்கு டஸ்டின் வந்தான். இரவல் சட்டை. கடைசி வரிசையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவனைச் சுட வாங்கின துப்பாக்கி. மூன்று வாரம் கழித்து நீதிபதி ஐவியை அவனுக்குக் கொடுத்துவிட்டார். கோபத்தை அடக்கப் படித்ததற்குச் சான்றிதழ், வேலைச் சீட்டு, குடியில்லை என்கிற காகிதம் எல்லாம் அவன் வைத்திருந்தான். என் பெயரில் என்ன இருந்தது? வழக்கறிஞர் என்னைக் கேட்டார்: "நீங்க அதை அங்கே வெச்சதே மறந்துட்டீங்களாம்மா?" ஆமாம் என்றேன்.

அன்றைக்கிலிருந்து ஐவி பேசவில்லை. எழுதவும் இல்லை. அவன் வந்து நின்றபோது அழக்கூட இல்லை. புறப்படும்போது மேசைமேல் என் கண்ணாடி கிடந்தது. அதைப் பார்த்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அப்படியே நடந்துபோய்க் காரில் ஏறினாள்.

என்மேல் வழக்கு வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். போன வாரம் ஷெரிஃப் ஆபீஸிலிருந்து அந்தத் துப்பாக்கியை ஒரு காகிதப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சமையலறையில் இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

உன்மேல் எனக்கு ஒன்றுமில்லை. உன் கடிதங்கள் எல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன.

வில்மா


லாரல் கிரீக்
ஆகஸ்ட் 30

வில்மா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உன் கடிதத்தை வாசித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. "நான் எடுத்துட்டு வந்துட்டேன்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்த வேலையை அவளுக்குக் கொடுத்தவன் நான். மறந்துபோகும் என்று மூன்று தாளில் எழுதிப் பார்த்து அழகாக எழுதினவனும் நான். வாயால் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும், நீயும் மறந்திருப்பாய். ஈவர்சோல் டீச்சர் வகுப்புக்கு நான் இப்போது போவதில்லை. அவர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனதாக அஞ்சல்காரி சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் திறந்திருக்கமாட்டேன்.

என் கடிதங்களை எரித்துவிடு என்று சொல்ல நினைத்தேன். வேண்டாம், ஐவியின் வரிகளுக்குப் பதில்கள் அதில்தான் இருக்கின்றன. அந்த ஜனவரிக் கடிதத்தை மட்டும் எரி.

பையில் இருப்பதைத் தொடாதே. கெட்ட நினைப்பு வந்தால் ட்ரீமா வீட்டுக்குப் போய் உட்கார். இன்றைக்கே அவளை வந்து அந்தப் பையை எடுத்துப்போகச் சொல். வெள்ளிக்கிழமைப் பேருந்தில் வருகிறேன். முழங்கால் ஏறாவிட்டால் யாராவது தூக்கி ஏற்றுவார்கள். இரும்பு அறுக்கிற வாள் என்னிடம் இருக்கிறது. குழலையும் மேல்பாகத்தையும் துண்டு துண்டாக அறுத்து மண்ணில் போட்டால் நமக்குப் பிறகாவது துருப்பிடித்துப் போகும். பிளாஸ்டிக் பிடியை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அது துருப்பிடிக்காதென்று எழுதியவனும் நான்தான்.

டஸ்டின் முகவரியைப் பாஸ்டரிடம் வாங்கி ஐவிக்கு ஒரு கடிதம் போட்டேன். பதினோரு நாள் எழுதினேன். நேற்றுத் திரும்பி வந்துவிட்டது. பிரிக்கவில்லை. உறையின் பின்னால் அவன் எழுதியிருந்தான்: "இப்ப வேண்டாம் சார். உங்க கையெழுத்தைப் பார்த்தாலே பிள்ளை நடுங்குது." கெட்ட எண்ணத்தில் எழுதினது இல்லை. அது எனக்குப் புரிகிறது.

தபால்பெட்டி ஓரத்தில் நின்று என் கடிதத்தை நானே பிரித்து வாசித்தேன். இதோடு வைத்திருக்கிறேன். என்றைக்காவது அவள் உன்னிடம் வந்தால் கொடு. அவளே வாசிக்கட்டும், நீ உதவாதே.

வெர்லின்


ஐவி,

வெர்லின் தாத்தா எழுதுகிறேன்.

நீ கெட்ட பிள்ளை இல்லை.

எடுத்துக் கொடு என்று சொன்னது நான்.

நீ எடுத்துக் கொடுத்தாய்.

இனி அந்த வேலை உனக்கு இல்லை.

பாட்டியின் கண்ணாடியைப் பாட்டியே தேடிக்கொள்வாள்.